செல்வாக்குச் செலுத்தியவர் பெயர்

எனக்குப் பயம் என்பதே கிடையாது. இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் கலெக்டர் அலுவலகக் கூட்ட அரங்கில், இருநூறு பேர் பார்க்க, ஒரு கருவி சொன்னது. தகட்டில் உள்ளங்கையை வைத்தேன், நெற்றியில் பட்டையை மாட்டினார்கள், மாதிரிச் சின்னம் ஒன்றை அழுத்தினேன். ஒன்பதே விநாடியில் பச்சை விளக்கு எரிந்தது. மாவட்டத்திலேயே அதுதான் விரைவான பச்சை என்று கை தட்டினார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்த தாசில்தாருக்கே பதினான்கு விநாடி ஆகியிருந்தது. அன்று வீட்டுக்கு வந்து என் கணவரிடம் நான் அடித்துக்கொண்ட தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல.

என் பெயர் அனுசுயா. அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. சுயவிருப்ப வாக்குச் சட்டம் வந்த புதிது அது. ஊர் ஊராகப் போய்க் கருவியை விளக்க ஆள் தேடினார்கள். பச்சை வாங்கிய நான் முதல் ஆளாக மாட்டினேன். மாட்டினேன் என்று இப்போது சொல்கிறேன். அப்போது ஆசையாகத்தான் போனேன். தேர்தலுக்குத் தேர்தல் கவரும் குடமும் குக்கரும் வீடு வீடாக இறங்குவதைப் பார்த்து வயிறு எரிந்தவள் நான். இதோ ஒரு முடிவு வந்துவிட்டது என்று நிஜமாகவே நம்பினேன்.

கீழத்தருவைக்கும் அப்படித்தான் போனேன். கடலோரத்து உப்பள ஊர். சமுதாயக் கூடத்தில் பெண்கள் நிறைய பேர் வந்திருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் அளத்தில் உப்பு வாருகிறவர்கள். நான் பாடம் நடத்துகிற குரலில் சொன்னேன்.

"யாராவது மிரட்டியோ காசு குடுத்தோ உங்களைக் குத்த வச்சா, உங்க மனசுக்குள்ள ஒரு இழுபறி இருக்கும்ல? அந்த இழுபறியை இது கண்டுபிடிச்சிரும். அந்த ஓட்டு எண்ணிக்கைக்கே போகாது, ஒதுக்கி வச்சிரும். அப்போ காசு குடுக்கிறவனுக்கு என்ன லாபம்? குடுக்கவே மாட்டான்."

"அப்ப எங்க மனசுல உள்ளத குத்துனா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பச்சை எரியும். பயப்படவே வேண்டாம். கருவி உங்க பக்கம்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "மனசுல ரெண்டு இருந்தா, டீச்சர்?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். கேட்டவள் பேச்சித்தாய். அவள் மூத்த மகள் வினோதினி அப்போது என்னிடம் பிளஸ் டூ படித்து முடித்திருந்தாள். பெற்றோர் கூட்டத்தில் கூப்பிட்ட பழக்கத்தில், 'வினோதினி அம்மா' என்றுதான் நான் அவளைக் கூப்பிடுவேன். "வினோதினி அம்மா, அதெப்படி ரெண்டு இருக்கும்? ஒரு ஓட்டுதானே?" என்று கிண்டலாகச் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

கருவிக்கு மூன்று நிறம். பச்சை என்றால் வாக்கு எண்ணிக்கைக்குப் போகும். மஞ்சள் என்றால் பத்து நிமிடம் அமைதி அறையில் உட்கார்ந்துவிட்டு மறுபடி அழுத்தலாம். அப்போதும் மனம் அடங்கவில்லை என்றால் சிவப்பு, வாக்கு ஒதுக்கப்படும். மூன்று தேர்தல்களில் சிவப்பு வாங்கினால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். 'போய்விடும்' என்று சட்டத்தில் இல்லை. அவர் 'பாதுகாக்கப்பட்ட வாக்காளர்' ஆகிவிடுவார் என்று இருக்கிறது. அவரை இனி யாரும் மிரட்ட முடியாது, யாரும் விலைக்கு வாங்க முடியாது. ஏனென்றால் அவருக்கு ஓட்டே கிடையாது. எவ்வளவு அக்கறை பாருங்கள்!

பேச்சித்தாய்க்கு உள்ளாட்சித் தேர்தலில் ஒரு சிவப்பு. நாடாளுமன்றத் தேர்தலில் இன்னொரு சிவப்பு. கருவி தெரிந்தவள் என்று இரண்டுக்கும் என்னைத்தான் கீழத்தருவைச் சாவடிக்குத் தலைமை அலுவலராகப் போட்டார்கள். மூன்றாவதாக வந்தது இந்தச் சட்டமன்றத் தேர்தல். இதற்கும் நான்தான்.

முதல் சிவப்பு விழுந்த அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். சிவப்பு வாங்கியவருக்கு ஒரு படிவம் உண்டு. அதில் நான்காம் கட்டம், 'செல்வாக்குச் செலுத்தியவர் பெயர்'. அதை நிரப்பாமல் கருவி அடுத்த ஆளுக்குத் திறக்காது.

"யாரு உங்களை இப்படிக் குத்தச் சொன்னா, வினோதினி அம்மா?"

"யாரும் சொல்லல டீச்சர். ஊரு பேச்ச மீறுதமேன்னு உலகம்மன நெனச்சுப் பயந்தேன். அவ பேரப் போடுங்க."

போட்டேன். 'இப்பெயரில் வாக்காளர் இல்லை' என்றது கருவி. கட்டம் வாக்காளர் பட்டியலில் உள்ள பெயரைத்தான் ஏற்கும்.

"அப்ப எம் மக பேரப் போடுங்க. அவள நெனச்சுதான் குத்துனேன்."

'வினோதினி' என்று அடித்தேன். 'நீக்கப்பட்ட பெயர்' என்று வந்தது. இறந்தவர்கள் செல்வாக்குச் செலுத்த முடியாது. நான் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கடைசியில் அவளே சொன்னாள். "எம் பேரயே போட்டுக்கிடுங்க டீச்சர். நாளைக்கி வேற எவ வீட்டுக்காவது நோட்டீசு போயிராம."

கருவி அதை உடனே ஏற்றுக்கொண்டது.

வினோதினி எப்படிப் போனாள் என்பது அந்த ஊருக்கே தெரியும். கீழத்தருவையிலிருந்து பெரிய சாலைக்கு வர ஒரே தார்ச் சாலை. அதில் உப்பளக் கம்பெனி ஒரு இரும்புக் கேட் போட்டிருக்கிறது. உப்புத் திருட்டு நடக்கிறதாம். ஆறு மணிக்குமேல் பூட்டிவிடுவார்கள். சாலை கம்பெனி இடத்தில் இருக்கிறதா, ஊராட்சி இடத்தில் இருக்கிறதா என்று வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது. வினோதினிக்குப் பேறுகால வலி எடுத்தது ஏழு மணிக்கு. ஆம்புலன்ஸ் கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. வாட்ச்மேன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சாப்பிடப் போயிருந்தான். அவனைத் தேடிப் பிடித்து வருவதற்குள் நாற்பது நிமிடம். கேட்டுக்கு இந்தப் பக்கம், அவள் அப்பா ஓட்டும் உப்பு டிராக்டரில், ரத்தப்போக்கில் அந்தப் பெண் போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. பிரிசத்தில் ஒளி சிதறுவதைக் காட்டியபோது "ஐ!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்ட பிள்ளை அவள். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இந்தத் தேர்தலில் அந்தக் கேட்டை எடுப்பேன் என்று ஒரே ஒருத்தி சொன்னாள். ரூபாவதி, சல்லடைச் சின்னம். எதிரே நின்றவர் தங்கதுரை, கம்பெனி முதலாளியின் மைத்துனர், மண்வெட்டிச் சின்னம்.

வாக்குப்பதிவு அன்று காலை ஆறே முக்காலுக்கே தங்கதுரையின் பூத் ஏஜென்ட் பெருமாள் அண்ணாச்சி வந்து உட்கார்ந்துவிட்டார். முழுப்பெயர் சிவனணைந்தபெருமாள். தலையில் எண்ணெய் வழிய வாரியிருந்தார். ரூபாவதிக்கு இந்தச் சாவடியில் உட்கார ஆளே கிடைக்கவில்லை.

"இந்த வாட்டி பூச்சியம்தான் டீச்சர்," என்றார் வந்ததும் வராததுமாக. "ஒரு செவப்பு விழாது. தூய சாவடிச் சர்டிபிகேட்டு நமக்குத்தான்."

ஒரு சிவப்புகூட இல்லாத சாவடிக்குக் கலெக்டர் கையால் சான்றிதழ் உண்டு. போன தடவை இங்கே மூன்று விழுந்தது. எங்கள் தலைமையாசிரியருக்குக்கூட அந்தச் சான்றிதழ்மேல் ஒரு கண்.

"எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க, அண்ணாச்சி?"

"உப்புக் கரைச்சாச்சுல்லா!"

அவர் மறைக்கவே இல்லை. ஏன் மறைக்க வேண்டும்? ஒருவரும் காசு வாங்கவில்லை. தங்கதுரை ஜெயித்தால் ஊருக்குள் நல்ல தண்ணீர்க் குழாய் போட்டுத் தருவதாகக் கம்பெனி சொல்லியிருக்கிறது. ஊர் கூடிப் பேசி முடிவெடுத்தது. உலகம்மன் கோயில் முன்னால் ஒரு பானைத் தண்ணீர் வைத்து, வீட்டுக்கொரு பிடி உப்பை அதில் போட்டுக் கரைத்துவிட்டார்கள். கரைத்த உப்பைத் திரும்பப் பொறுக்க முடியாது. கொடுத்த சொல்லும் அப்படித்தான். மீறினால் அம்மன் கேட்பாள்.

"இதுல எங்க டீச்சர் மெரட்டல் இருக்கு? ஊர் ஒத்துமை! எங்க வீட்டுப் பொம்பளையளு குடத்தத் தூக்கிட்டு நாலு மைல் நடக்கது ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அதனால்தான் அவர்மேல் எனக்குக் கோபமும் ஒழுங்காக வரவில்லை.

கருவிக்கு ஒரு டெக்னீஷியன் உண்டு. ஹரிஹரன், சென்னைக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். தகட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உப்பு வேலை செய்றவங்க கைல கரண்ட் ஜாஸ்தி பாயும் மேடம். அதுக்குத் தனி அளவு போட்டுட்டோம். ஒண்ணும் தப்பு வராது."

"கைல இருக்கிற உப்புக்கு அளவு போட்டாச்சு. பானையில போட்ட உப்புக்கு?"

"எந்தப் பானை?"

சொன்னேன். துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும் மறுபடி துடைத்தார்.

"கருவி நல்லது கெட்டது பார்க்காது மேடம். மனசு ரெண்டு பக்கம் இழுத்தா மட்டும்தான் சொல்லும். கொடுத்த வாக்கைக் காப்பாத்துறவனுக்கு இழுப்பே கிடையாது. அவனுக்குப் பச்சைதான்."

"வாக்கை மீறி, சரின்னு பட்டதைக் குத்துறவனுக்கு?"

"அவனுக்குத்தான் இழுக்கும்."

"இதை மேலிடத்துல சொல்லலையா நீங்க?"

"எழுதிக் கொடுத்தேன். ரெண்டாயிரம் பேரை வச்சு சோதிச்சாச்சு, சரியா வேலை செய்யுதுன்னு பதில் வந்தது."

"யார் அந்த ரெண்டாயிரம் பேர்?"

அவர் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். "உங்களை மாதிரிதான் மேடம். டீச்சருங்க, ஆபீசருங்க, காலேஜ் பசங்க."

எனக்குச் சுருக்கென்றது. வாக்காளர் பட்டியலைப் பிரித்தேன்.

ஏழு மணிக்கு ஆரம்பித்தது. பச்சை, பச்சை, பச்சை. வரிசையில் வந்தவர்கள் தகட்டில் கை வைத்தார்கள், அழுத்தினார்கள், போனார்கள். முகத்தில் ஒரு குழப்பம் இல்லை. கோயிலுக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்திவிட்டு வருகிற நிம்மதி. போன தடவை சிவப்பு வாங்கிய மற்ற இரண்டு பேரும் வந்தார்கள்; அவர்களும் இப்போது பச்சையாகிவிட்டார்கள். ஒவ்வொரு பச்சைக்கும் பெருமாள் அண்ணாச்சி ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

பேச்சித்தாய் வந்தபோது மணி மூன்று. அளத்திலிருந்து நேரே வந்திருந்தாள். சேலை முந்தானையில் உப்பு பூத்திருந்தது. அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் பட்டியலில் அவள் பெயரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். பெயருக்கு எதிரே இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

மறைப்புக்குள் போனாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து விநாடி. இருபது. முப்பது. மஞ்சள்.

அமைதி அறை என்பது பக்கத்து வகுப்பறை. ஒரு பெஞ்சு, ஒரு மண்பானைத் தண்ணீர், சுவரில் அருவிப் படம். தலைமை அலுவலர் கூட உட்கார வேண்டும். பேச அனுமதிக்கப்பட்டவை மூன்றே வாக்கியம். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா? மூச்சை மெதுவாக விடுங்கள். உங்கள் வாக்கு உங்களுடையது. இதற்கு மேல் பேசினால் என் வேலைக்கே ஆபத்து.

"குடிக்கத் தண்ணீர் வேண்டுமா?"

"வேண்டாம் டீச்சர்."

"மூச்சை மெதுவாக விடுங்கள்."

விட்டாள். பெஞ்சில் கை ஊன்றி உட்கார்ந்தாள். அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விரலிடுக்கெல்லாம் வெடிப்பு.

"மகேஸ்வரி வந்திருக்கா டீச்சர்," என்றாள் தானாகவே. "சின்னவ. பேறுகாலத்துக்கு. இது ஒம்போதாம் மாசம்."

எனக்கு அது தெரியாது.

"அவ வீட்டுல படுத்துக் கெடக்கா. நா இங்க வந்து கைய வச்சா, அவ வயிறுதான் கண்ணு முன்னால நிக்கி. சல்லடையில குத்துனா அம்மன் கோவத்துல இவள எடுத்துக்கிடுவாளோன்னு இருக்கு. எங் கையாலதான டீச்சர் உப்பப் போட்டேன்? மம்பட்டில குத்துனா அந்தக் கேட்டு எடுத்துக்கிடும். எந்தப் பக்கம் விரல் போனாலும் புள்ளதான் முன்னால வந்து நிக்கி. நா என்ன செய்ய?"

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். அம்மன் அப்படியெல்லாம் கேட்க மாட்டாள், மனசுக்குப் பட்டதைக் குத்துங்கள் என்று சொல்லியிருக்கலாம். குத்தினால் சிவப்பு விழும், பெயர் போகும், அந்த ஓட்டும் எண்ணப்படாது. ஒன்றுக்கும் உதவாத தைரியத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு என்ன உரிமை? பேசாமல் மண்வெட்டியைக் குத்திப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் நான் சொன்னது இதுதான்.

"உங்கள் வாக்கு உங்களுடையது."

பேச்சித்தாய் என் முகத்தையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். பரிகாசமாகச் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். என்மேல் இரக்கப்பட்டுச் சிரித்தாள்.

"நீங்க என்ன செய்விய, பாவம். அன்னைக்கி கூட்டத்துல நா ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு, வினோதினி அம்மா."

"எல்லாரும் சிரிச்சிய."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெளியே பச்சை விழும் 'டிங்' சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆறு நிமிடம் போயிற்று. ஏழு.

"எம் பேரு லிஸ்ட்டுல இல்லன்னா என்னாகும் டீச்சர்?"

"அடுத்த தேர்தல்ல வர முடியாது."

"அது மட்டுந்தானா?"

இல்லை. வாக்காளர் பட்டியலில் இல்லாதவர்கள் கிராம சபையிலும் கை தூக்க முடியாது. கேட் வழக்கில் ஊராட்சி சார்பாக மனுவில் கையெழுத்துப் போட்டிருப்பவர்கள் பதினோரு பேர். அதில் இவளும் ஒருத்தி. பெயர் போனால் அந்தக் கையெழுத்தும் செல்லாது. இதையெல்லாம் சொன்னேன். மூன்று வாக்கியம் எப்போதோ தாண்டிப் போயிருந்தது.

அவள் வெகுநேரம் அருவிப் படத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையில் இருந்த உப்பைத் தட்டிவிட்டாள்.

"டவுன்ல எங்க மதினி வீடு இருக்கு. பெரியாஸ்பத்திரிக்கு நடந்து போற தூரம். ஒத்த ரூம்புதான். அவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. இருந்தாலும் காலுல விழுந்தாவது நாளைக்கிக் காலையிலயே மகேஸ்வரியக் கொண்டு விட்டுருதேன். கேட்டுக்கு இந்தப் பக்கமே அவ இருக்க வேண்டாம்." அவள் குரல் நிதானமாக இருந்தது. "அவ இங்க இல்லன்னா எனக்கென்ன டீச்சர்? கேட்டு இருந்தா என்ன, போனா என்ன?"

"ஊர்ல மத்தப் பிள்ளைங்க?"

கேட்டிருக்கக் கூடாது. வாய் தவறி வந்துவிட்டது.

"மத்தப் புள்ளையள நா என்ன செய்ய, டீச்சர்?" என்றாள். "நா ஒத்த ஓட்டு."

பத்து நிமிடம் முடிந்தது. எழுந்து போனாள். மறைப்புக்குள் அவள் முழங்கை அசைவது தெரிந்தது. நான் கடிகாரத்தைப் பார்க்க விரும்பவில்லை. பழக்கதோஷத்தில் கண் போயிற்று. ஒன்பதாவது விநாடியில் பச்சை எரிந்தது.

அதே ஒன்பது. கலெக்டர் அலுவலகத்தில் எனக்குக் கை தட்டினார்களே, அதே ஒன்பது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு எனக்கு மட்டும் ஏன் அவ்வளவு சீக்கிரம் பச்சை எரிந்தது? நான் தைரியசாலி என்பதாலா? எந்தச் சின்னம் ஜெயித்தாலும் என் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும். என் மகளுக்கு வலி எடுத்தால் ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவில். தேர்தலில் எனக்கு என்று போவதற்கு ஒன்றுமே இருந்ததில்லை. இந்தப் பேச்சித்தாய் தன் பெண்ணை ஊரைவிட்டு அனுப்பத் துணிந்த பிறகுதான் என் நிலைக்கு வந்து சேர்ந்தாள்.

"பச்சை டீச்சர்," என்று என்னிடம் வந்து சொன்னாள். "எம் பேரு இருக்கும்லா?"

"இருக்கும்."

"அடுத்த எலெக்சனுக்கும் வரலாம்?"

"வரலாம், வினோதினி அம்மா."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். பெருமாள் அண்ணாச்சி கோடு போட்டார். "தாயி தப்பிச்சிட்டா," என்றார். அவர் மனசார சந்தோஷப்பட்டார், பாவம்.

ஐந்து மணிக்கு வாசலை மூடினோம். ஒரு சிவப்பு இல்லை. இனிப் பணியாளர்கள் ஓட்டு. தேர்தல் பணிச் சான்று வைத்திருக்கிறவர்கள் பணி செய்யும் சாவடியிலேயே கடைசியாக அழுத்தலாம். இங்கே அப்படி இருந்தது நான் ஒருத்திதான். இத்தனை வருஷமும் நான் ஓட்டுப் போட்டது சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிற மாதிரி. போகிற போக்கில் ஒன்றை அழுத்திவிட்டு வந்துவிடுவேன். எதை அழுத்தினேன் என்று சாயங்காலம் கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

"சீக்கிரம் குத்திட்டு வாங்க டீச்சர், டீ ஆறுது," என்றார் அண்ணாச்சி.

தகட்டில் கை வைத்தேன். பட்டை நெற்றியில் குளிர்ந்தது. விரல் சல்லடைக்குப் போயிற்று. அங்கே நின்றுவிட்டது. நாலு மைல் நடக்கிற குடங்கள் நினைவுக்கு வந்தன. தங்கதுரை தோற்றால் குழாய் வராது. விரலை மேலே மண்வெட்டிக்குக் கொண்டுபோனேன். டிராக்டரில் கிடந்த வினோதினி. மறுபடி கீழே வந்தேன். 'கருவி உங்க பக்கம்' என்று கூடத்தில் பாடம் நடத்திய என் குரல் எனக்கே கேட்டது. உள்ளங்கை வியர்த்தது. இருபது விநாடிக்கு மேல் ஆகியிருக்கும். சல்லடையை அழுத்தினேன்.

மஞ்சள்.

அமைதி அறையில் அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். கீழே தரையில் பேச்சித்தாய் தட்டிவிட்ட உப்பு கிடந்தது. எனக்குத் துணையாக ஹரிஹரன் வந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"குடிக்கத் தண்ணீர் வேண்டுமா, மேடம்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "வேண்டாம்," என்றேன்.

"மூச்சை மெதுவாக விடுங்கள்." பிறகு குரலைத் தாழ்த்தி, "மேடம், ஏதாவது ஒண்ணை யோசிக்காம அழுத்திடுங்க. பச்சை விழுந்துடும். உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

தெரியும். யோசிக்காமல் அழுத்துவதில் எனக்கு முப்பது வருஷப் பழக்கம். பத்து நிமிடமும் அதற்குத்தான் முயன்றேன். நாளைக்குத் திருத்த வேண்டிய விடைத்தாள்களை எண்ணினேன். ஓமின் விதியை மனசுக்குள் சொன்னேன். முடியவில்லை. திரும்பப் போய் மறுபடியும் சல்லடையைத்தான் அழுத்தினேன். மனசு முழுக்கக் குடங்களோடு.

சிவப்பு.

"ரிப்பேரா இருக்கும்," என்றார் ஹரிஹரன் அவசரமாக. இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பெருமாள் அண்ணாச்சி கோடு போட எடுத்த பேனாவோடு எழுந்துவிட்டார். "டீச்சர்... நீங்களா? ஒங்கள யாரு என்ன சொன்னா?" பிறகு தாள முடியாமல், "சர்டிபிகேட்டு போச்சே!" என்றார்.

படிவம் திரையில் வந்தது. நான்காம் கட்டம். செல்வாக்குச் செலுத்தியவர் பெயர்.

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 'பேச்சி' என்று மூன்று எழுத்து அடித்ததுமே கருவி முழுப்பெயரையும் கணவர் பெயரையும் கதவு எண்ணையும் கொண்டுவந்து நிறுத்தியது. ஒருமுறை தொட்டால் போதும், ஏற்றுக்கொள்ளும். பத்து நாளில் அவள் வீட்டுக்கு நோட்டீஸ் போகும். ஒரு அரசு அலுவலரின் மனத்தைக் கலைத்ததாக. முதன்முதலாக ஒரு உண்மையான ஓட்டுப் போட்டிருக்கிறேன், அதற்குக் காரணம் யார் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை. அந்த மூன்று எழுத்தையும் அழித்தேன். அவள் அன்றைக்குச் செய்ததையே செய்தேன். என் பெயரை அடித்தேன்.

'ஏற்கப்பட்டது,' என்றது கருவி. கூடவே ஒரு சீட்டு வந்தது. 'இது உங்கள் முதல் ஒதுக்கம். இன்னும் இரண்டு வாய்ப்புகள் உள்ளன.'

அறிக்கையை நிரப்பினேன். பதிவான வாக்குகள் அறுநூற்று ஒன்பது. ஒதுக்கப்பட்டது ஒன்று. 'வாக்குப்பதிவு அச்சமின்றியும் சுதந்திரமாகவும் நடைபெற்றது' என்று அச்சிட்டிருந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

பெட்டியை ஏற்றிக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது மணி ஏழு. பூட்டியிருந்தது. டிரைவர் ஒரு ஹாரன் அடித்தார். தேர்தல் வண்டி என்று கண்டதும் வாட்ச்மேன் ஓடிவந்து, இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, கேட்டை அகலத் திறந்து, சல்யூட் அடித்தான்.

ஒன்பது விநாடிகூட ஆகவில்லை.